தெரிந்தோ தெரியாமலோ

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் நானும் அம்மாவும் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள். பெரியவர் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் தேங்காய்கள். முகம் சட்டென்று பிடிபடவில்லை. நடை பிடிபட்டது. நான் வளர்ந்த, ஐயா என்று ஒருவர் நடத்திய குடிலில் இருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடப்போம்: கண் தரையில், செருப்புச் சத்தம் வெளியே கேட்காமல். நான் வெளியே வந்து நான்கு வருடம் ஆன பிறகும் அந்த நடை என்னைவிட்டுப் போகவில்லை. அப்போது வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எனக்குப் ‘பூனை’ என்று பெயர்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “ஐயாவுக்கு முடியவில்லை அம்மணி. படுத்த படுக்கையாகிவிட்டார். தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனம் நோகும்படி ஏதாவது நடந்திருந்தால் மன்னித்துவிடச் சொன்னார். நீங்களும் அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்ச் சேருவார்” என்றார் பெரியவர். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சின்னவர், “கோர்ட்டு விஷயத்தையும் அப்படியே பேசி முடித்துவிடலாமுங்க” என்றார்.

அந்த வாக்கியத்தை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஓய்வுபெறும் வாத்தியார் சொல்வார். கல்யாணம் முடிந்து சம்பந்திகள் சொல்லிக்கொள்வார்கள். பந்தியில் ஒரு பெரியவருக்கு இலை போட மறந்திருந்தால் அதற்கு அது தாராளமாகப் போதும். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ‘நடந்திருந்தால்’ என்கிறது, நடத்தியவர் இல்லை. ‘ஏதாவது’ என்கிறது, எது என்று இல்லை. ‘மனம் நோகும்படி’ என்கிறது. எனக்கு நொந்தது முட்டி.

ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. காங்கயம் பக்கத்து மேட்டுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மடமெல்லாம் இல்லை. ஒரு ஓட்டு வீடு, இரண்டு தகரக் கொட்டகை, அறுபது எழுபது பேர், நடுவில் ஒருவர். அவரை ஐயா என்போம், இடத்தைக் குடில் என்போம். 1997-ல் அப்பா லாரி விபத்தில் போனார். அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, அண்ணனுக்குப் பதினான்கு, எனக்குப் பதினொன்று. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருத்தி அம்மாவை அமாவாசைப் பூசைக்குக் கூட்டிப்போனாள். மூன்றாவது அமாவாசைக்கு நாங்கள் பெட்டி படுக்கையோடு அங்கே இருந்தோம்.

ஐயாவுக்கு எல்லாமே கனவில் வரும். யார் யாரோடு பேசக் கூடாது, யார் படிப்பை நிறுத்த வேண்டும், யாருடைய நகை எந்தக் கிழமை வர வேண்டும் என்பதெல்லாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டி தெரியும். பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஆண்டவர் ஒரு பொருளைச் சொல்வார், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். ஆனால் கனவு கண்டேன் என்று சொன்னவுடன் வைத்துவிட மாட்டார்கள். சன்னதியில் பூப்போட்டுக் கேட்பார்கள், உத்தரவு வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். சிவன்மலை முருகனே தன் பெயரில் சொல்லப்படும் கனவைச் சரிபார்க்க இடம் கொடுக்கிறார். எங்கள் ஐயாவின் கனவுக்கு யாரும் பூப்போட்டுக் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சேவை என்றால் பிசிறு வெட்டுவது. திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலிருந்து தைத்த பனியன் மூட்டை மூட்டையாக வரும். தையலில் தொங்கும் நூலைச் சின்னக் கட்டரால் வெட்ட வேண்டும். சாயங்காலம் நாலு மணி நேரம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 300 நாள், பன்னிரண்டு வருடம், ஆக 14,400 மணி நேரம். காசு எங்கே போனது என்று கேட்டால் அது பாவம். நான் பிறந்த அதே 1986-ல்தான் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதில் குடும்பத்தார் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு விலக்கு வைத்திருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் ஐயா சொன்ன பதிலும் அதுதான்: “நாங்கள் ஒரே குடும்பம்.”

பனியனில் கட்டர் பட்டு ஓட்டை விழுந்தால் கல்லுப்பில் முட்டி போட வேண்டும். எங்களைக் கவனிக்க ஒரு பெண் இருந்தாள், பெரியக்கா என்போம். பெரியவள் என்றால் அப்போது அவளுக்குப் பத்தொன்பது. உப்பைத் தரையில் பரப்புவது அவள் வேலை, நேரம் குறிப்பதும் அவள் வேலை.

இதையெல்லாம்விட நான் சொல்ல நினைப்பது அமாவாசை இரவைப் பற்றித்தான். அதற்கு மன்னிப்பு நாள் என்று பெயர். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து, தான் யாருக்கு என்ன மனவருத்தம் கொடுத்தோம் என்று சொல்லிக் காலில் விழ வேண்டும். அடி வாங்கியவர்கள் அடித்தவர்களின் காலில் விழுவார்கள். சொல்ல வேண்டிய வாசகமும் உண்டு: “உங்களை அடிக்கும்படி வைத்ததற்கு என்னை மன்னியுங்கள்.” பன்னிரண்டு வயதில் அதைத் திக்காமல் சொல்லப் பழகிவிட்டேன். இதற்கு மறுபக்கம் இருந்ததே இல்லை. அடித்தவர் யார் காலிலும் விழுந்து நான் பார்க்கவில்லை. ஆகவே யாராவது என்னிடம் ‘மன்னித்துவிடு, மனசு லேசாகும்’ என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்கூட இல்லை, முட்டிவலி. மன்னிப்பு என்ற சொல்லையே அவர்கள் ஒரு கருவியாக என்மேல் பயன்படுத்தித் தேய்த்திருக்கிறார்கள். அதைக் கழுவி எடுத்துத் திரும்பப் புழங்க எனக்கு வெகுநாள் ஆனது.

முட்டி போட்ட நாட்களில் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி விளக்கணைத்த பிறகு, ஒரு வார்த்தை பேசாமல், தேங்காய் எண்ணெய் எடுத்து என் முட்டியில் தேய்ப்பாள். இருட்டில் அவள் விரல் நடுங்குவது தெரியும். அடுத்த அமாவாசைக்கு எழுந்து நின்று, “மகளுக்கு எண்ணெய் தேய்த்தேன், என்னை மன்னியுங்கள்” என்று ஐயாவிடம் சொல்லிவிடுவாள். மறுநாள் எனக்குத் திரும்பவும் உப்பு.

2001-ல் அண்ணன் சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். அவனோடு பேசக் கூடாது என்று கனவு வந்தது. 2006-ல் அவனுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு, கூடப் பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். ஒரே தங்கை நான், பதினைந்து மைல் தள்ளி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகள் வந்து நின்றாள். அந்த ஆல்பம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் அண்ணி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். எந்த நீதிமன்றம் எனக்கு அந்த நாளைத் தீர்ப்பில் எழுதித் தரப்போகிறது? அண்ணன் இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

2009-ல் நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்பது பெரிய கதை இல்லை. பல் டாக்டரிடம் கூட்டிப்போன இடத்தில் பஸ் ஏறிவிட்டேன். அம்மா வெளியே வந்தது 2022-ல்தான். வந்த அன்று அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைத்து, நெய் விட்டுத் தட்டில் கொடுத்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சாதம் ஆறிப்போன பிறகுதான் எனக்கு உறைத்தது, சாப்பிடலாம் என்று நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.

அந்த வருடம் ஆடியில் சின்னம்மா எங்களை ஆனைமலைக்குக் கிளப்பினாள். மாசாணியம்மன் கோயிலுக்கு. பொருள் திருடு போனவர்கள், சொத்தை ஏமாந்தவர்கள், கேட்க நாதியற்றவர்கள் அங்கே போய் வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அம்மனுக்கு எரியும், எரிச்சல் தாங்காமல் நியாயம் செய்வாள் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்தபின் திரும்பிப் போய் எண்ணெய்க் காப்புச் சாத்தி அவளைக் குளிர வைக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும் அந்த அம்மனின் கதை இன்னும் பழையது. ஆற்றில் மிதந்து வந்த ஒரு மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்ற அரசன் கொன்ற பெண் அவள் என்பார்கள். நன்னன் கதை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. 81 யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று உறவினர் கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. ஒரு மாங்காய்க்கு. ஒரு பனியன் ஓட்டைக்கு உப்பில் நின்றவளுக்கு இந்தத் தெய்வத்திடம் பேச மொழி தேவைப்படவில்லை.

அம்மா கல் பக்கம் வரவே இல்லை. தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் அரைத்தேன். கண்ணெல்லாம் நீர், மூக்கெல்லாம் நீர், கை இரண்டு நாள் காந்தியது. பொள்ளாச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அம்மா கேட்டாள், “சாமி, என் பெயரையும் சொன்னாயா?”

எங்கள் ஊரில் அம்மாக்கள் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். குடிலில் அதற்குத் தடை, சாமி ஒருவர்தான் என்று. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தச் சொல் என் காதில் விழுந்தது அந்தக் கேள்வியோடுதான். இல்லை என்றேன். உண்மைதான், சொல்லவில்லை. நினைத்துப் பார்த்தேன் என்பதும் உண்மை. என்னை அங்கே கொண்டுபோய் விட்டவள் அவள். அவளை மன்னித்துவிட்டாயா என்று இன்றுவரை என்னை யாரும் கேட்டதில்லை, அம்மா என்றால் அது தானாக நடந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். எனக்கு அது தவணை முறையில் நடக்கிறது. சில மாதம் தவணை தவறுகிறது.

பெரியக்கா விஷயம் வேறு மாதிரி. 2019-ல் ஒருநாள் சாப்பாட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் நின்றாள், இளைத்து, கண்ணாடி போட்டு. குடிலைவிட்டு வந்து ஒரு வருடம் ஆகிறதாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னாள்: “ஆடி மாதம். நீ ஏழாவது படித்தாய். வெள்ளை பனியன், தோள்பட்டையில் ஓட்டை. மூன்று மணி நேரம் நிறுத்தினேன். நீ எழுந்தபோது உப்பு சிவந்திருந்தது. அதை அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.” மன்னித்துவிடு என்று அவள் கேட்கவில்லை. “நீ போலீசுக்குப் போனால் நான் வந்து சொல்கிறேன், என்மேல் வந்தாலும் சரி” என்றாள். அவள் சொன்னதில் மாதம் இருந்தது, நிறம் இருந்தது, செய்தவள் இருந்தாள். என்னிடமிருந்து எப்போது எது இறங்கியது என்று தெரியவில்லை. டீக்குக் காசு நான் கொடுத்தேன்.

அம்மா வந்த பிறகுதான் நிலத்தைப் பற்றிப் பேச முடிந்தது. 1 ஏக்கர் 40 சென்ட், கிணற்றில் பாதிப் பங்கு, கிளுவை வேலி போட்ட கொறங்காடு, மாடு மேயும் நிலம். அப்பாவின் பாட்டன் காலத்தது, அப்பா அதை அம்மா பெயருக்கு எழுதி வைத்திருந்தார். 2003-ல் அம்மா அதை ஐயாவுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதாவிட்டால் அப்பன் போன வழியில் மகனும் போவான் என்று கனவு வந்திருந்தது.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பழைய சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பது குற்றம். 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்திலேயே 508-ம் பிரிவாக இருக்கிறது, அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 354. நான் வாயடைத்துப் போனேன். நாங்கள் விதி என்று நினைத்து வாழ்ந்த வாழ்க்கைக்கு நூற்றைம்பது வருடமாக நம்பர் இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு அதிகபட்சத் தண்டனை ஒரு வருடம், அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் ஏற்கும் காலவரம்பும் ஒரு வருடம். அம்மாவுக்கு அந்தப் பயம் தெளியவே பத்தொன்பது வருடம் ஆனது. இன்னொன்றையும் வக்கீல் சொன்னார். இந்தக் குற்றத்தைச் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அந்த உரிமை நம்பவைக்கப்பட்டவருக்கு மட்டும். ஊர்ப் பெரியவருக்கோ உறவுக்கோ கிடையாது. கொலையில் அந்த உரிமை யாருக்குமே கிடையாது. எந்த வலியை யார் மன்னிக்கலாம் என்று எங்கள் சொந்தக்காரர்களைவிடச் சட்டம் கவனமாக யோசித்திருக்கிறது.

பத்திரத்தை ரத்து செய்யச் சிவில் வழக்குப் போடலாம் என்றார். குருவுக்கும் சீடனுக்கும் நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1890-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வயதான ஒருவர் மறுமையில் தன் ஆன்மாவுக்கு நன்மை கிடைக்கும் என்று சொத்தைக் குருவுக்கு எழுதிக் கொடுத்தார். தகாத செல்வாக்கு என்று அது செல்லாமல் போனது. அதற்கு மூன்று வருடம் முன்னால் இங்கிலாந்தில் ஆல்கார்ட் என்ற பெண்ணின் வழக்கு. கன்னியர் சபை ஒன்றில் சேர்ந்து சொத்தைத் தலைவியிடம் கொடுத்தாள். தலைவியின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது என்பது அந்தச் சபையின் விதி. இதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 1879-ல் வெளியேறினாள், 1885-ல் வழக்குப் போட்டாள், 1887-ல் தீர்ப்பு. செல்வாக்கு தவறுதான், ஆனால் வெளியே வந்தும் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டாய், ஒப்புக்கொண்டதாக ஆகிறது என்று சொல்லிப் பெரும்பான்மை நீதிபதிகள் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள்.

பொறுத்துப்போ, காலம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலம் ஒன்றையும் பார்த்துக்கொள்வதில்லை. இங்கே பத்திர ரத்துக்கு, உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம். எதிர்த்தரப்பு 2003-லிருந்து எண்ணும், எங்கள் வக்கீல் அம்மா வெளியே வந்த 2022-லிருந்து எண்ணச் சொல்லி வாதாடுகிறார். 2024 நவம்பரில் வழக்குப் போட்டோம். பெரியக்கா சாட்சிப் பட்டியலில் இருக்கிறாள்.

‘பழி வாங்கப் பார்க்கிறாள்’ என்று ஒரு பேச்சு வந்தது, மாமா வீட்டிலிருந்தே. இருக்கலாம், என் மனதில் பழி இல்லை என்று கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2023-ல் நான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தது பழிக்காக இல்லை. கொட்டகையில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பள்ளிக்கூட வருகைப் பதிவைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மறு வருடம் திரும்பச் சொன்னேன், இந்த முறை சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லி. நான்கு பிள்ளைகள் தாத்தா பாட்டி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் முட்டிக்கு நான் மன்னிப்புக் கொடுக்கலாம், அது என் சொந்தச் சொத்து. அந்த நான்கு பேரின் முட்டிக்கு நான் யார்?

கணக்கு எழுதும் வேலையில் வராத பாக்கியைத் தள்ளுபடி எழுதுவதெல்லாம் சாதாரணம். எங்கள் முதலாளியே ஆடிட் சமயத்தில் பெருந்தன்மையாக எழுதுவார். ஆனால் தள்ளுபடி எழுத வேண்டுமென்றால் பாக்கி முதலில் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்: இன்னார், இந்தத் தேதி, இவ்வளவு. பற்றே எழுதாத ஆளுக்குத் தள்ளுபடி எழுதினால் அதற்குக் கணக்கு மொழியில் வேறு பெயர் இருக்கிறது.

மாசி ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். பெரியவர் பதிலுக்குக் காத்திருந்தார். உள்ளே போய் லெட்ஜர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘தெரிந்து’, மறுபக்கம் ‘தெரியாமல்’ என்று எழுதிக் கொடுத்தேன். “எது எது எந்தப் பக்கம் என்று ஐயாவை எழுதித்தரச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு நான் என் வார்த்தையைச் சொல்கிறேன்” என்றேன். பெரியவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சின்னவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பெரியவர் கையமர்த்தினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே நடையில், சத்தமில்லாமல் போனார்கள். தேங்காய்ப் பையைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார்கள். அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. குப்பை வண்டிக்காரர் எடுத்துக்கொண்டார்.

தாள் திரும்பி வரவில்லை. வைகாசியில் ஐயா இறந்துவிட்டார் என்று பெரியக்கா போன் செய்தாள். பத்திரம் அவர் சொந்தப் பெயரில் இருப்பதால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்று வக்கீல் அன்றைக்கே சொல்லிவிட்டார். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், எழவு கேட்ட வீட்டில் செய்வதுபோல. வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு ஈரத்தலையைத் துவட்டாமல் வந்து, அவளே தட்டை எடுத்து, அவளே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அடுத்த வாய்தா என்றைக்கு சாமி?”